பெற்றோருக்கு நுரையீரல் புற்றுநோய் என்றால்…



விடியற்காலை பெரட்டுக்குப் புறப்படும் நேரத்தில், லயத்து வரிசையில் யாரோ ஒருவர் இருமுவது நம் காதில் விழுகிறது. அது நமக்குப் பழகிப்போன ஒலி. ‘பனிக்காலம், அப்படித்தான் இருக்கும்’ என்கிறோம். ‘சிகரெட் பிடித்த நெஞ்சு, வேறெப்படி இருக்கும்?’ என்கிறோம். ஒரு மாதம் போகிறது. இரண்டு மாதம் போகிறது. உடம்பு இளைக்கிறது. ஒரு நாள் எச்சிலில் இரத்தம் தெரிகிறது. அதன் பிறகுதான் கிளினிக்குக்கு ஓடுகிறோம். அங்கிருந்து சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். படம் எடுக்கிறார்கள், சதை எடுத்துச் சோதிக்கிறார்கள். கடைசியில் டாக்டர், ‘உங்கள் அப்பாவுக்கு நுரையீரலில் கன்சர்’ என்று சொல்கிறார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் மகனுக்குக் காது அடைத்துப்போகிறது. டாக்டர் அதன் பிறகு பத்து நிமிடம் பேசுகிறார். மகன் தலையை ஆட்டுகிறான். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான், அவர் சொன்னதில் ஒன்றுமே மனத்தில் நிற்கவில்லை என்பது தெரிகிறது. இன்றைய பேச்சு அந்த மகனுக்காக. அவனைப் போன்ற மகளுக்காக.

முன்பெல்லாம் நம் தோட்டங்களிலேயே ஆஸ்பத்திரி இருந்தது. டிரஸ்ஸர் ஐயா இருந்தார். அவரிடம் போனால் மருந்தும் கிடைக்கும், அடுத்து எங்கே போவது என்ற வழியும் கிடைக்கும். கடிதம் எழுதக் கிராணியார் இருந்தார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்களாயின. தோட்டத்து ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் மூடப்பட்டன. வழி சொல்ல இன்று டிரஸ்ஸர் இல்லை. வழியை நாமே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நாம் சொல்ல வந்தது ஒரே ஒரு செய்தி. இந்த நோய் வந்த குடும்பத்துக்கு உதவி இருக்கிறது. ஆனால் அது தானாக லயத்துக்கு நடந்து வந்து கதவைத் தட்டுவதில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இங்கே பிள்ளை வாய் திறந்தால் பெற்றவருக்கு நன்மை உண்டு. என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். நம் உடம்பு கோடிக்கணக்கான நுண்ணிய அணுக்களால் ஆனது. அவை ஓர் ஒழுங்குடன் பெருகி, ஓர் ஒழுங்குடன் மடிகின்றன. நுரையீரலில் உள்ள அணுக்கள் சில அந்த ஒழுங்கை மீறிக் கட்டுப்பாடின்றிப் பெருகுவதுதான் நுரையீரல் புற்றுநோய். லாலாங் புல்லை நாம் அறிவோம். மேலே கொஞ்சம்தான் தெரியும். வேர் மண்ணுக்கடியில் ஓடி, எதிர்பாராத இடத்தில் முளைத்து நிற்கும். இந்த நோயும் இரத்தத்தின் வழியாகவும் நிணநீரின் வழியாகவும் எலும்புக்கு, மூளைக்கு, கல்லீரலுக்குப் போய்ச் சேரக்கூடியது. நுரையீரலுக்குள் தொடக்கத்தில் வலி தெரியாது. அதனால்தான் நோய் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். மலேசியாவில் கண்டுபிடிக்கப்படும் நுரையீரல் புற்றுநோயாளிகளில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கும் மேல் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்படுகிறார்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் நிற்காத இருமல், சளியில் இரத்தம், காரணமில்லாமல் இளைப்பது, மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, குரல் கம்மிப்போவது — இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்க் காட்ட வேண்டும். இருமல் மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

இங்கே காசநோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். சளியில் இரத்தம் என்றதும் தோட்டத்தில் ‘டீபி’ என்றுதான் முடிவு கட்டுவார்கள். இரண்டு நோய்க்கும் அடையாளங்கள் ஒத்திருப்பது உண்மைதான். காசநோய் ஒட்டக்கூடியது, ஆறு மாதமோ அதற்கு மேலோ ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகக்கூடியது. எனவே சளிச் சோதனையில் காசநோய் இல்லை என்று தெரியும் வரை வாய்மூடி அணிந்திருப்பது நல்லது. புற்றுநோய் என்று உறுதியாகி, காசநோயும் இல்லை என்று தெரிந்துவிட்டால் பயமே வேண்டாம். புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்துவைக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளை தாத்தாவின் மடியில் உட்காரலாம். நோயைவிட, பிள்ளைகள் எட்ட நிற்பதுதான் பெற்றவர்களை அதிகம் வாட்டுகிறது.

‘ஏன் வந்தது?’ என்ற கேள்வி அடுத்து எழும். புகைப்பதே இந்த நோய்க்குப் பெரிய காரணம். இங்கிலாந்தில் டாக்டர் டாலும் பேராசிரியர் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1950-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆனால் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாதவர்களுக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும், இந்த நோய் வருவதை ஆசிய நாடுகளில் மருத்துவர்கள் காண்கிறார்கள். எனவே, ‘சொன்னேனே, கேட்டீர்களா?’ என்று அப்பாவைக் குத்திக் காட்டுவதில் பயனில்லை. அவர் ஏற்கெனவே தம்மைத் தாமே நொந்துகொண்டிருப்பார். புகைப்பவராக இருந்தால் இப்போது நிறுத்தினாலும் நன்மை உண்டு. சிகிச்சை நன்றாக வேலை செய்யும், மூச்சும் சற்று இலகுவாகும். அதற்கு அரசாங்கக் கிளினிக்குகளில் உதவுகிறார்கள். வீட்டில் புகைக்கும் மகனும் அப்பாவோடு சேர்ந்து நிறுத்தினால், அதைவிடப் பெரிய ஆறுதல் அவருக்கு வேறில்லை.

மருந்தடித்த வேலையால் வந்ததோ என்று கேட்பவர்களும் உண்டு. களைக்கொல்லியாகப் பயன்பட்ட பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நாள் தொடங்கி நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. வயிற்றுக்குள் போனால் அது நுரையீரலையே கெடுக்கும் கொடிய நஞ்சு. ஆனால் ஒருவருக்கு வந்த புற்றுநோய் எதனால் வந்தது என்று நாமாக முடிவு கட்ட முடியாது. நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அப்பா எத்தனை ஆண்டு மருந்தடித்தார், ஆஸ்பெஸ்டாஸ் அறுக்கும் வேலை எதுவும் செய்தாரா, தொழிற்சாலையில் இருந்தாரா என்ற விவரத்தை டாக்டரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்வோம். வேலையால் வந்த நோய் என்று தெரிய வந்தால், பின்னால் அந்தப் பதிவு பயன்படும்.

இனி ஆஸ்பத்திரிக்குள் போவோம். நெகிரி செம்பிலானில் சிரம்பானில் உள்ள துவாங்கு ஜாபார் மருத்துவமனைதான் பெரியது. கோலப்பிலாவில் துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனை இருக்கிறது. போர்ட்டிக்சன், தம்பின், ஜெலுபு, ஜெம்போல் ஆகிய இடங்களிலும் அரசாங்க மருத்துவமனைகள் உண்டு. குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளியும், நிபுணரிடம் காட்ட 5 வெள்ளியும்தான் கட்டணம். ‘பணம் இல்லையே’ என்று சோதனையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

அங்கே முதலில் நெஞ்சுப் படம் எடுப்பார்கள். பிறகு சி.டி. ஸ்கேன். அதன்பின் குழாயோ ஊசியோ செலுத்திச் சிறு துண்டுச் சதையை எடுத்துச் சோதிப்பார்கள். ‘ஊசி பட்டால் நோய் பரவிவிடும்’ என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டுச் சோதனைக்கு மறுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப் பரவுவது மிக மிக அரிது. சதையைச் சோதிக்காமல் எந்த வகைப் புற்று என்று சொல்ல முடியாது. வகை தெரியாமல் மருந்து கொடுக்கவும் முடியாது.

சில நோயாளிகளுக்கு அந்தச் சதையில் மரபணுச் சோதனையும் செய்கிறார்கள். ஈ.ஜி.எப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால், தினமும் வீட்டிலேயே சாப்பிடும் மாத்திரையால் நோயைக் கட்டுப்படுத்த முடியும். இந்த மாற்றம் ஆசிய மக்களிடத்திலும், பெண்களிடத்திலும், புகைக்காதவர்களிடத்திலும் அதிகமாகக் காணப்படுகிறது. எனவே, ‘டாக்டர், அந்தச் சோதனை செய்தாயிற்றா?’ என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல, நம் கடமை.

குடும்பத்தில் ஒருவரை ‘கேட்கும் ஆள்’ என்று ஏற்படுத்திக்கொள்ளுங்கள். மூத்த மகனாக இருக்க வேண்டும் என்பதில்லை. பொறுமையும் எழுத்தும் உள்ள மகளோ மருமகளோ இருக்கலாம். அவர் எப்போதும் ஒரே நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு போகட்டும். அதில் எழுதிக்கொள்ள வேண்டிய கேள்விகளைச் சொல்கிறோம்; பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இது எந்த வகைப் புற்று? எந்தக் கட்டத்தில் இருக்கிறது? மரபணுச் சோதனை உண்டா? கொடுக்கப்போகும் சிகிச்சை நோயைத் தீர்ப்பதற்கா, கட்டுப்படுத்துவதற்கா, வேதனையைக் குறைப்பதற்கா? அதனால் வரும் தொந்தரவுகள் என்ன? சிகிச்சை வேண்டாம் என்றால் என்ன ஆகும்? வீட்டில் திடீரென்று மோசமானால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது? இந்த ஏழு கேள்விகளுக்கும் விடை எழுதப்பட்ட நோட்டு இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். சாப்பிடும் மருந்துகளின் பெயர், அடுத்த தவணைத் தேதி ஆகியவற்றையும் அதிலேயே குறித்து வையுங்கள்.

டாக்டர் பேசும் மலாயோ ஆங்கிலமோ புரியவில்லை என்றால், ‘தமிழ் தெரிந்த தாதி யாராவது இருக்கிறார்களா?’ என்று கேளுங்கள். பள்ளிக்கூடம் படிக்கும் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். தாத்தா பிழைக்க மாட்டார் என்ற செய்தியைப் பத்து வயதுக் குழந்தை தன் வாயால் சொல்ல நேர்வது கொடுமை. பயத்தில் அது மாற்றிச் சொல்லிவிடவும் கூடும்.

இனி மிகவும் கடினமான ஒன்றைப் பேசுவோம். ‘டாக்டர், அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்’ என்று பிள்ளைகள் கெஞ்சுவது நம் வீடுகளில் வழக்கம். அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் அப்பா மரத்தில் விழும் வெட்டைப் பார்த்தே பாலின் அளவைச் சொன்னவர். நம் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள மாட்டாரா? அவருக்குத் தெரிகிறது. தெரியும் என்று நம்மிடம் சொல்ல முடியாமல் அவர் தனியே படுத்திருக்கிறார். நாம் அடுப்படியில் அழுகிறோம். அவர் சுவரைப் பார்த்து அழுகிறார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவரிடமே கேட்கலாம். ‘அப்பா, டாக்டர் சொல்றத எல்லாம் நீங்களே தெரிஞ்சிக்க விரும்புறீங்களா, இல்ல எங்ககிட்ட சொன்னாப் போதுமா?’ என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், அவர் வேண்டிய அளவைச் சொல்லுவார். சிலர், ‘நீங்களே பாத்துக்குங்கப்பா’ என்பார்கள். சிலர், ‘எத்தனை நாள் இருக்குது?’ என்று நேராகக் கேட்பார்கள். தெரிந்துகொண்ட தகப்பன், பேசாமல் இருக்கும் மகனைக் கூப்பிட்டனுப்ப நினைக்கலாம். அடகு வைத்த தோட்டை மீட்கச் சொல்லலாம். சேமநிதிக்கு வாரிசுப் பெயர் எழுதலாம். மறைத்துவிட்டால் அந்த வாய்ப்பையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் ஆவோம்.

அடுத்தது பணம். அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று உண்டு. கதவில் ‘கெர்ஜா சோசியல் பெருபாத்தான்’ என்று மலாயில் எழுதியிருக்கும். பல குடும்பங்கள் அந்தக் கதவைத் தாண்டிப் போகின்றன, உள்ளே போவதில்லை. விலை உயர்ந்த மருந்துக்கோ கருவிக்கோ பணம் இல்லையென்றால், சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க வழி செய்பவர்கள் அவர்களே. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென்று 2019-இல் தொடங்கப்பட்ட பெக்கா பி40 போன்ற திட்டங்களில் அப்பாவுக்கு எது பொருந்தும் என்றும் அவர்களிடமே கேட்கலாம். ‘எங்களைச் சோசியல் ஒர்க்கரிடம் அனுப்புங்கள்’ என்று தாதியிடம் சொன்னாலே போதும். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வீட்டில் உள்ளவர்களின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை ஒரு பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளி இன்னும் வேலையில் இருப்பவரானால், அவசரப்பட்டு வேலையை விட்டு நிற்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறோம். 1971 முதல் செயல்பட்டு வரும் சொக்சோவில், நோயால் இனி உழைக்க முடியாதவருக்கு ‘பென்சென் இலாட்’ என்ற மாதாந்திர ஓய்வூதியம் உண்டு. 60 வயதுக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் மாதத்துக்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதமாவது சந்தா கட்டியிருந்தால் முழுத் தகுதி கிடைக்கும். மருத்துவக் குழு பார்த்து முடிவு செய்யும். வேலையை விட்டுச் சந்தா நின்று காலம் கடந்துவிட்டால் இந்தத் தகுதி கைநழுவிப் போகலாம். ஆகையால் முதலில் சொக்சோ அலுவலகம், மற்றதெல்லாம் பிறகு. தகுதியுள்ளவர் இறந்துவிட்டால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ‘பென்சென் பெனாக்காட்’ கிடைக்க வழியுண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

1951-இல் அமைக்கப்பட்ட ஊழியர் சேமநிதி, அதாவது இ.பி.எப்., இரண்டு வகையில் உதவும். உழைக்க முடியாத நிலை வந்துவிட்டால் நோயாளி தம் சேமிப்பை எடுத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். கடுமையான நோயின் சிகிச்சைச் செலவுக்காகவும் ஒரு பகுதியை எடுக்க அனுமதி உண்டு. பிள்ளைகள் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்து தாய் தந்தையின் சிகிச்சைக்கு எடுக்கவும் விதி இடம் தருகிறது. வாரிசுப் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று அப்பா நடமாடும்போதே பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் அம்மா அலைய வேண்டியிருக்கும்.

வேலைச் சட்டப்படி மருத்துவமனையில் சேர்க்கப்படும் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 2023 ஜனவரி முதல், சாதாரண மருத்துவ விடுப்பை இதிலிருந்து கழிப்பதில்லை. இதில் தகராறு வந்தாலோ, வேலை நின்றால் தோட்டத்து வீடு என்ன ஆகும் என்ற கவலை இருந்தாலோ, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரிடம் சீக்கிரமே சொல்லுங்கள். வீட்டைக் காலி செய்யும் கடிதம் வந்த பிறகு ஓடுவதைவிட, முன்பே நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தவணை கேட்பது மேல். படுத்த படுக்கையாகிவிட்ட வறிய நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்குச் சமூக நல இலாகாவும் மாதாந்திர உதவி கொடுக்கிறது. அதற்கும் விண்ணப்பித்தாக வேண்டும்.

கதிர்ச் சிகிச்சை போன்றவற்றுக்காகக் கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ, புத்ராஜெயாவில் 2013-இல் திறக்கப்பட்ட தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கோ அனுப்பக்கூடும். ‘அவ்வளவு தூரமா?’ என்று மலைக்க வேண்டாம். தம்பின், சிரம்பான், நீலாய் ஆகிய ஊர்களிலிருந்து கம்யூட்டர் ரயிலில் ஏறிப் பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்கினால், அங்கிருந்தே புத்ராஜெயாவுக்கு வேறு ரயில் இருக்கிறது. உட்கார முடியாத நோயாளியாக இருந்தால், கோயில் தலைவரிடமும் மணிமன்றப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். திருவிழாவுக்கு வேன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கு வேன் பிடிக்கத் தெரியாதா? சொன்னால் செய்வார்கள். சொல்ல வெட்கப்பட்டு மறைத்தால், அவர்களும் தெரியாதது போல் இருந்துவிடுவார்கள்.

விவரம் கேட்பதற்கென்றே சில அமைப்புகள் இருக்கின்றன. தேசியப் புற்றுநோய்ச் சங்கம் 1966-இல் தோன்றியது. நோயாளிகளும் குடும்பத்தாரும் அவர்களிடம் சந்தேகம் கேட்கலாம், ஆலோசனை பெறலாம். 1994-இல் தோன்றிய மாக்னா, வசதியற்ற புற்றுநோயாளிகளுக்குப் பண உதவி செய்கிறது. இவற்றில் எது அப்பாவுக்குப் பொருந்தும் என்பதையும் அதே சமூகப் பணிப் பிரிவில் கேட்டால் கடிதமும் எழுதித் தருவார்கள்.

இனி வீட்டில் பார்த்துக்கொள்வதைப் பற்றி. இரவில் மூச்சு முட்டுவதுதான் நோயாளிக்குப் பெரிய பயம். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். தலையணைகளை அடுக்கிச் சாய்வாக உட்கார வையுங்கள். அல்லது முன்னால் மேசை போட்டு அதில் தலையணை வைத்துக் கவிழ்ந்து சாயச் செய்யுங்கள். சன்னலைத் திறந்து, முகத்தில் படும்படி விசிறுங்கள். சிறிய விசிறிக் காற்றுக்கூட மூச்சுத் திணறலைத் தணிக்கும். சுற்றி நின்று கூச்சல் போடாமல் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினால் பயம் குறையும். சாப்பாட்டை வற்புறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை கொடுங்கள். கஞ்சியோ முட்டையோ மீனோ, அவருக்குப் பிடித்ததைக் கொடுக்கலாம்.

வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது தேவையில்லாத வைராக்கியம். புற்றுநோய் வலியைத் தணிக்கும் படிமுறையை உலகச் சுகாதார நிறுவனம் 1986-இல் வெளியிட்டது. அதில் மார்ஃபின் முக்கியமான மருந்து. ‘மார்ஃபின் கொடுத்தால் கதை முடிந்தது’ என்றும், ‘போதைக்கு அடிமையாகிவிடுவார்’ என்றும் பயப்படுகிறோம். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அது வலியையும் மூச்சுத் திணறலையும் தணித்து, அப்பாவை நன்றாகத் தூங்க வைக்கும். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

காத்திருக்கக் கூடாத அடையாளங்கள் சில உண்டு. நிறைய இரத்தம் கக்குவது, திடீரென்று மூச்சு அடைப்பது, மருந்தேற்றிய நாட்களில் 38 பாகைக்கு மேல் காய்ச்சல், முகமும் கழுத்தும் வீங்குவது, கால்கள் பலமிழப்பது, சிறுநீர் கட்டுப்பாடு போவது — இவற்றில் எது வந்தாலும் நடுச்சாமமானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வண்டியில்லை என்றால் 999-க்குக் கூப்பிடுங்கள்.

நோய் தீராது என்று டாக்டர் சொல்லிவிட்டால், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று பொருளல்ல. 1967-இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் செயின்ட் கிறிஸ்டோபர் ஹோஸ்பிஸைத் திறந்தார். தீராத நோயாளியின் வலியைத் தணித்து, மனத்தைத் தேற்றி, குடும்பத்தையும் தாங்குவதே ஹோஸ்பிஸின் வேலை. நம் நாட்டில் ஹோஸ்பிஸ் மலேசியா 1991-இல் தொடங்கியது. நம் மாநிலத்திலும் ஹோஸ்பிஸ் அமைப்பு உண்டு. தாதி வீட்டுக்கு வந்து பார்க்கும் வசதி நம் தோட்டம் வரை எட்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கடைசி வாரத்தில் கேட்பதைவிட, நடமாடும் காலத்திலேயே கேட்பது நல்லது.

‘நாற்பது நாளில் குணப்படுத்துகிறேன், ஐயாயிரம் வெள்ளி கட்டுங்கள்’ என்று சொல்லி வருபவர்களும் உண்டு. முழுக் குணத்துக்கு உத்தரவாதம் தருபவரை நம்பாதீர்கள். நாட்டு மருந்தோ சின்சே மருந்தோ கொடுக்க விரும்பினால், அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில மருந்துகள் ஒன்றுக்கொன்று ஒத்துக்கொள்ளா. கோயிலுக்கு நேர்ந்துகொள்வதைத் தடுப்பவர் யாருமில்லை. நேர்த்திக்கடனும் நடக்கட்டும், சிகிச்சையும் நடக்கட்டும்.

பார்த்துக்கொள்பவரையும் மறக்கக் கூடாது. பெரும்பாலும் அது அம்மாவோ மருமகளோதான். பகலில் வேலை, இரவில் விழிப்பு. வாரத்தில் இரண்டு இரவாவது வேறொருவர் முறை எடுத்துக்கொள்ள வேண்டும். நலம் கேட்க வரும் உறவினர்கள் பழம் வாங்கி வருவதோடு, ‘இன்றிரவு நான் படுத்துக்கொள்கிறேன்’ என்று சொன்னால் அதுவே பேருதவி. சிறு பிள்ளைகளுக்கும் அவர்களுக்குப் புரியும் சொல்லில் உண்மையைச் சொல்லுங்கள். தாங்கள் செய்த குறும்பால்தான் தாத்தாவுக்கு இப்படி ஆயிற்று என்று அவர்கள் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

முடிப்பதற்கு முன் ஒரு தமிழ்ப் பெண்மணியை நினைவுகூர்வோம். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லையே என்ற துயரத்தோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. இந்த நோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. ஏழை எளியவர்கள் இன்றும் அங்கே சிகிச்சை பெறுகிறார்கள். ஒருவர் விடாமல் கேட்டதால் வந்த பயன் அது.

நாம் மருத்துவமனை கட்ட வேண்டியதில்லை. ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கதவுக்கு முன் நின்று, ‘எங்களுக்கு என்ன உதவி இருக்கிறது?’ என்று கேட்டால் போதும். இப்போது நம் லயத்தில் யாருக்காவது இருமல் மூன்று வாரமாக நிற்காமல் இருந்தால், நாளைக் காலையே கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.